காண வந்தோர் கடன்

இலங்கைத் தமிழிலே ‘உல்லாசப் பிரயாணி’ என்னும் தொடர் வேரூன்றி நெடுங்காலம் ஆகவில்லை. உல்லாசப் பிரயாணத்துறைக்கென இந்நாட்டில் ஒரு சபை சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது 1966 இலேயே ஆகும். அதற்கு முன்னரும் மக்கள் ஊர்விட்டு ஊர் சென்றனர். ஆனால், யாத்திரிகராக, வணிகராக, கூலிக்குச் செல்வோராக, உறவினர் வீட்டு விருந்தினராகச் சென்றனர். சென்ற இடத்திலே அவர்களுக்கு ஒரு கருமம் இருந்தது. வேறு கருமம் எதுவுமின்றி, கண்டு களித்தலையே கருமமாகக் கொண்டு, மனைவி மக்களுடன் பிறர் வாழும் நிலத்துக்குச் செல்லுதல் புதியதொரு வழக்கம். புதிய வழக்கங்கள் பழைய அறநூல்களில் நேர் விடை காணப்படாத வினாக்களை எழுப்புதல் இயல்பு. காண வந்தவன், தான் கண்ட இடத்துக்கு எதனையேனும் கடமைப்பட்டிருக்கின்றானா? கட்டணம் செலுத்தியதோடு அவனுடைய கடன் தீர்ந்து விடுகின்றதா?

வினாவை வெறுமையில் நிறுத்தி ஆராய்வதிலும் ஓர் எடுத்துக்காட்டின்மேல் நிறுத்தி ஆராய்தல் நன்று. பாரிஸ் நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றைக் கருதுவோம். தந்தை திருகோணமலை மாவட்டத்திலே, கொட்டியாரக்குடாவின் தென்புறத்தில் மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் வழியிலுள்ள கட்டைபறிச்சானிற் பிறந்தவர். இளவயதிலே நாட்டைவிட்டு வெளியேறியவர். பிள்ளைகள் இருவரும் பிரான்சிற் பிறந்தவர்கள். ஆடி மாதப் பாடசாலை விடுமுறையிலே, முதலில் ஒரு வாரம் றீயூனியன் தீவுக்குச் சென்று எரிமலை பார்ப்பதென்றும், பின்னர் இலங்கைக்கு வந்து கட்டைபறிச்சானில் மூன்று நாள் தங்கி அப்பம்மாவைப் பார்ப்பதென்றும் அவர்கள் திட்டமிடுகின்றனர் எனக் கொள்வோம். குடும்பம் கற்பனையே, ஆயினும் இத்தகைய குடும்பங்கள் இன்று அரியன அல்ல. ஒரே விடுமுறையில், ஒரே புகைப்படக் கருவியால், இரண்டு நிலங்களை அவர்கள் காண்கின்றனர். ஒன்றில் தாம் அந்நியர் என்றும், மற்றதில் தாம் உரித்துடையோர் என்றும் அவர்கள் எண்ணுவர். இவ்விரண்டு எண்ணங்களும் சரியானவைதானா என்பதே இங்கு நோக்கத்தக்கது.

றீயூனியன், இந்து சமுத்திரத்தின் தென்மேற்கே மொறிசியசுக்கு அயலில், கடலடி எரிமலையினாலேயே உருவான தீவு. 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாக உள்ளது. அதன் தென்கிழக்கிலே நிற்கும் 2,632 மீற்றர் உயரமான மலையின் பிரெஞ்சுப் பெயருக்கு ‘உலைக்களச் சிகரம்’ என்று பொருள் கூறலாம். 17 ஆம் நூற்றாண்டிலிருந்து அது 150 தடவைக்கு மேல் குமுறியிருக்கின்றது. பெரும்பாலும் அது வெடித்துச் சிதறுவதில்லை; பிளவுகளின் வழியே எரிகுழம்பைக் கசியவிடும். ஆகையினால், குமுறல் தொடங்கியதும் மலைவாயைச் சூழ்ந்த பள்ளத்தாக்கினை அதிகாரிகள் மூடிவிட, மக்கள் தூரத்து மேடுகளில் நின்று இரவிலே செந்நிற ஓடைகளைக் கண்டு மகிழ்வர். 2010 இல் அத்தீவின் சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. அதற்கும் முன்னர், 1977 ஏப்பிரலிலே, எரிகுழம்பு வழமையான எல்லையைக் கடந்து சென்ற் றோஸ் பகுதியிலுள்ள கிராமமொன்றினுட் புகுந்து வீடுகளை எரித்தது. அங்கிருந்த கத்தோலிக்க தேவாலயத்தின் வாசல்வரை வந்து, சுவர்களைச் சூழ்ந்து, நின்றுவிட்டது. இன்று ‘எரிகுழம்பின் அன்னை’ என்னும் பொருளிலே பெயர்கொண்டுள்ள அத்தேவாலயம், வருவோரெல்லாரும் பார்க்கும் இடங்களுள் ஒன்றாகும். அதே எரிகுழம்பிலே வீடிழந்தவர், கறுத்து இறுகிய அப்பாறையை அவர்கள் பார்க்கும் கண்ணாற் பார்த்திருப்பாரோ என்பது ஐயமே.

அஞ்சத்தக்க ஒன்றைக் கண்டு மனிதன் மகிழ்வது எங்ஙனம் என்பதை மேலைத் தத்துவஞானிகள் 18 ஆம் நூற்றாண்டிலே துருவி ஆராய்ந்தனர். இம்மானுவேல் காண்ட் 1790 இல் வெளியிட்ட அழகுணர்ச்சி பற்றிய நூலிலே எரிமலை, சூறாவளி, கொந்தளிக்கும் பெருங்கடல் ஆகியவற்றை எடுத்துக்காட்டுகின்றார். அவை எவ்வளவுக்கு அச்சம் தருகின்றனவோ அவ்வளவுக்கு மனத்தை ஈர்க்கும் என்பது அவர் கருத்து. ஆனால் அதற்கு அவர் ஒரு நிபந்தனை விதிக்கின்றார்: காண்போன் பாதுகாப்பான இடத்திலே நிற்றல் வேண்டும். அந்நிபந்தனை நிறைவேறினால், இயற்கையின் பேராற்றலுக்கு முன் தன் உடல் சிறிதாயினும், தன் அறிவும் ஒழுக்கமும் அதற்கு அடங்காதவை என்னும் உணர்வு அவனிடத்தே எழுகின்றது. எமது தொல்காப்பியரோ மருட்கையையும் அச்சத்தையும் இருவேறு மெய்ப்பாடுகளாக வைத்தார். அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தெய்வத்தையும் விலங்கையும் கள்வரையும் அரசரையும் கூறினாரேயன்றி மலையைக் கூறவில்லை. தமிழ்நிலத்திலே நெருப்பைக் கக்கும் மலை இல்லாமை அதற்குக் காரணமாகலாம். ஐந்திணையுள் எதிலும் அதற்கு இடமில்லை. எனினும் அவருடைய பாகுபாட்டில் ஒரு நேர்மை உண்டு. அஞ்சுபவனும் வியப்பவனும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை என்பதை அது மறைக்கவில்லை.

காண்டின் நிபந்தனையிலேதான் அறவியல் வினா ஒளிந்து கிடக்கின்றது. பாதுகாப்பான இடத்தில் நிற்பவன் எவன்? மலைச்சரிவிலே கரும்பு நட்டு வாழ்பவன் அல்லன். அவனுக்கு அம்மலை காட்சி அன்று, அயல். காட்சியாவது, அதனைவிட்டுப் புறப்பட்டுச் செல்லக்கூடியவனுக்கே. உல்லாசப் பிரயாணியை வேறுபடுத்திக் காட்டுவது அவன் உடையோ மொழியோ நிறமோ அன்று, அவன் பையிலிருக்கும் திரும்பும் பயணச்சீட்டேயாகும்.

பாதுகாப்பு என்பது எப்போதும் மெய்யானதன்று என்பதையும் கூற வேண்டும். 1883 ஓகஸ்ற் 27 இல் கிரக்கற்றோவா எரிமலைத்தீவு வெடித்தபோது, சுண்டா நீரிணையின் இருமருங்கிலும் 36,000 பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பன்று, கடல். அக்கடலெழுச்சி இலங்கையின் கிழக்குக் கரைக்கும் வந்தது. பாணமையிலே ஒரு பெண் உயிரிழந்தாள் என்பது அக்காலப் பதிவுகளிலிருந்து தெரியவருகின்றது. எரிமலையைக் கண்டறியாத ஒருத்தி, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்த எரிமலைக்குப் பலியானாள். அழிந்த மலையின் இடத்திலே 1927 இல் மேலெழத் தொடங்கிய புதிய தீவு ‘கிரக்கற்றோவாவின் குழந்தை’ எனப் பெயர்பெற்றது. 2018 டிசெம்பர் 22 இரவு அதன் ஒருபுறம் சரிந்து கடலில் வீழ்ந்தபோது எழுந்த அலை, விடுமுறையைக் கழிக்க ஜாவாவின் மேற்குக் கரைக்கு வந்திருந்த குடும்பங்களையும், அவர்களுக்கு உணவு சமைத்தோரையும், கரையோர மீனவரையும் ஒருசேர வாரிச் சென்றது. 400 பேருக்கு மேல் இறந்தனர். அடுத்த ஆண்டு டிசெம்பர் 9 இல் நியூசிலாந்தின் வக்காரி தீவிலே, எரிமலைவாயினுள் அழைத்துச் செல்லப்பட்ட பிரயாணிகளும் வழிகாட்டிகளுமாக 47 பேர் இருந்தவேளை மலை வெடித்தது. 22 பேர் மாண்டனர். அனுமதிச்சீட்டு விற்றவர்மீது குற்றமா, வாங்கியவர்மீது குற்றமா என்னும் வழக்கு பல ஆண்டுகள் நீடித்தது. நிலத்துக்குரிய கம்பனி 2023 இலே குற்றவாளியாகக் காணப்பட்டு, 2025 இலே மேன்முறையீட்டில் விடுவிக்கப்பட்டது. சட்டமே இருதலையாக நின்றது. பெற்றோருடைய கடமைபற்றியும் இவ்விடத்தே சிந்திக்கலாம். பிள்ளை தானாக எரிமலைக்குச் செல்வதில்லை, அதன்பொருட்டு முடிவு செய்பவன் தந்தை. எனினும், வந்து இறந்தோரை நினைந்து இரங்கும் உலகம், அங்கேயே இருந்து இறந்தோரை அத்துணை நினைப்பதில்லை என்பதே மேலும் உறுத்துவது.

நாம் எடுத்துக்கொண்ட குடும்பம் றீயூனியனிற் காணக்கூடிய மற்றொன்று தீமிதிப்பு. எரிமலைத் தீவிலே தீமிதிப்பு எனின் அது மலையை நோக்கிய வழிபாடு என்று வெளியார் எண்ணுதல் கூடும், அன்று. 1848 டிசெம்பர் 20 இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டிப் புதுச்சேரி, காரைக்கால் முதலிய இடங்களிலிருந்தும், 1860 க்குப் பின்னர் பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் தம்முடன் எடுத்துச் சென்ற வழிபாடு அது. அங்கு அவர்களை ‘மல்பார்’ என்பர். பெரும்பாலோரின் நாவிலிருந்து தமிழ் நழுவிவிட்டது. ஆனால் பாஞ்சாலி மறையவில்லை; ‘பாண்டியாலே’ எனத் திரிந்த பெயருடன் அவள்பொருட்டு இன்றும் தீ மிதிக்கின்றனர். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலை அறிந்த கிழக்கிலங்கையர் எவரும் அதனை அடையாளம் காண்பர். அங்கு சென்ற கட்டைபறிச்சான் தந்தை, வேலிக்கு வெளியே ஏனைய பிரயாணிகளோடு நின்று புகைப்படம் எடுக்கின்றார். நோன்பிருந்து தழலில் இறங்குபவனின் முன்னோன், திரும்பும் சீட்டு இல்லாமற் கப்பலேறியவன்; ஒப்பந்தத்திலே மீட்சி எழுதப்பட்டிருப்பினும் மீளாதோர் பலர். தாம் அந்நியர் எனக் கருதிய நிலத்திலே தந்தைக்கு இத்துணை உறவு இருந்தது. அதனை எந்த வழிகாட்டி நூலும் அவருக்கு உரைத்திருக்காது. அவர் கேட்டிருந்தால் அறிந்திருப்பார்.

இனி அவர்கள் கட்டைபறிச்சானுக்கு வருகின்றனர். வழி முன்னிலும் எளிதாகிவிட்டது. முன்னர் திருகோணமலையிலிருந்து மூதூருக்கு வள்ளத்திலே குடாவைக் கடக்க வேண்டும். அல்லது கரைவழியே ஒவ்வோர் ஆற்றுவாயிலும் ‘பாதை’ வருமளவும் காத்திருத்தல் வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலமும், அதனைத் தொடர்ந்து ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டமையால் வாகனத்தில் இருந்தபடியே வரலாம். பிள்ளைகளுக்கு வயலும் களப்பும் மாடுகளும் அழகாகத் தோன்றும். அவை அழகானவையே, அதனை மறுத்தற்கில்லை.

ஆயின் அந்நிலத்துக்கும் ஒரு குமுறல் உண்டு. 2004 டிசெம்பர் 26 இல் வந்த அலை எரிமலையினால் எழுந்ததன்று, சுமாத்திராவுக்கு அண்மையில் நேர்ந்த கடலடி நிலநடுக்கத்தினால் எழுந்தது. திருகோணமலைக் கரையையும் அது விட்டுவைக்கவில்லை. அதனின்று ஊர்கள் எழும்முன்னரே 2006 வந்தது. அவ்வாண்டு சித்திரையிலிருந்து சம்பூரையும் அயற்கிராமங்களையும் விட்டு மக்கள் ஓடினர். 2007 இல் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது. மட்டக்களப்பு வரை சென்று திரும்பியோருட் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை ஆகிய இடங்களிலும் இதே கட்டைபறிச்சானிலும் அமைக்கப்பட்ட நலன்புரி நிலையங்களிலே தங்கினர். சொந்த வீட்டுக்குச் சில மைல் தூரத்திலே, வீட்டுக்குப் போக முடியாமல், தகரக் கொட்டில்களில் அவர்கள் ஆண்டுக்கணக்காக இருந்தனர். காணிகள் பெரும்பாலும் மீளக் கிடைத்தது 2015 இலும் 2016 இலும் ஆகும். இடைப்பட்ட அந்த ஆண்டுகளிலேதான், போர் முடிந்துவிட்டது என்ற மகிழ்ச்சியுடன், குடாவுக்கு அப்பால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் நிறைந்தன. 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவின் முருகைக்கற்களைக் காண மக்கள் வள்ளம் வள்ளமாகச் சென்றனர். அங்கு நீராடியவர்கள் கொடியோர் அல்லர். குடாவின் தென்புறத்திலே எவர் இருந்தார் என்று எவரும் அவர்களுக்குக் கூறவில்லை. அறியாமை குற்றமா என்பது பழைய வினா. அறிய வழியில்லாதவனின் அறியாமை குற்றமாகாது. ஒரு வார்த்தை கேட்டால் அறியக்கூடியதைக் கேளாதிருப்பதோ அவ்வகையைச் சேர்ந்ததன்று.

இதே மாவட்டத்திலே, திருகோணமலை நகருக்கு வடமேற்கே சில மைல் தொலைவில், கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள் ஏழு உள்ளன. சூடான நீரைக் கண்டதும் எரிமலையை நினைப்போர் உளர். இலங்கையில் எரிமலை இல்லை. நிலத்தின் ஆழத்துக்கு வெடிப்புகளினூடே இறங்கிய நீர் அங்குள்ள வெப்பத்தால் சூடாகி மேலே வருகின்றது, அவ்வளவே. உல்லாசப் பிரயாணிகள் ஒவ்வொரு கிணற்றிலும் அள்ளி வார்த்து எது கூடிய சூடு என்று பார்த்துச் சிரிப்பர். அப்பகுதித் தமிழருக்கோ, இராவணன் தன் தாயின் இறுதிக் கிரியைக்காக உண்டாக்கியவை என்னும் ஐதிகத்தின்படி, அது இறந்தோர் கடன் தீர்க்கும் இடம். ஒரே கிணற்றடியிலே ஒரு குடும்பம் விளையாடுகின்றது. மற்றொன்று தாயை இழந்து நிற்கின்றது. விளையாடுவோர் விளையாட்டை நிறுத்திவிடவேண்டும் என்பது கடுமையான அறம். அயலில் நிற்பவர் ஏன் வந்திருக்கின்றார் என்பதைக் கவனித்தாயினும் குரலைத் தாழ்த்துதல் இயலாத காரியமன்று.

விருந்தோம்பலைப் பெரிதும் போற்றியது எமது மரபு. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் அதிலுள்ள கடன்கள் பெரும்பாலும் விருந்தேற்போனுக்கு உரியவை. விருந்தாக வருவோனின் ஒழுக்கத்துக்கென ஓர் அதிகாரம் இல்லை. அனிச்சத்தை ஒப்பிட்டு விருந்தினன் மனம் வாடலாகாது என்றவர், விருந்தேற்ற வீட்டார் வாடுதல்பற்றித் தனித்து உரைக்கவில்லை. வருபவன் வறியவனாகவும் வழிநடந்து களைத்தவனாகவும் இருந்த காலத்துக்கு அது பொருந்தும். இன்று வருபவனே வலியவன், வரவேற்பவன் எளியவன். ஆகவே கடனும் இடம் மாறவேண்டியிருக்கின்றது.

அக்கடன் பணத்தால் தீரும் என்பர் சிலர். அவ்வாதத்தைத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்பும், 2020 இல் நோய்ப்பரவலின்போதும் பிரயாணிகள் வராதொழிந்தமையால் வள்ளக்காரரும் விடுதிப் பணியாளரும் பட்ட பாடு நாடறிந்தது. வராதிருத்தலே அறம் என்பார் அவர்களிடம் சென்று அதனைக் கூறட்டும். எனினும் பணம் செய்த வேலைக்கே கூலியாகும். புறப்பட்டுச் செல்லக்கூடியவன் செல்ல முடியாதவனுக்குப் பட்டிருக்கும் கடன் கூலிக்குள் அடங்குவதில்லை.

இதற்குக் கொட்டியாரக்குடாவே ஒரு பழைய சான்றினைத் தருகின்றது. புயலிலே பாய்மரம் இழந்த ‘ஆன்’ என்னும் ஆங்கிலக் கப்பல் 1659 இன் இறுதியில் இக்குடாவிற் புகலடைந்தது. கப்பல் தலைவனும், றொபேட் நொக்ஸ் என்னும் அவன் மகனும் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தந்தை அங்கேயே இறந்தான். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்நாட்டவருடன் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்று, 1681 இல் இலங்கையைப் பற்றி நூல் வெளியிட்டான். கண்டிநாட்டு மக்களின் உழவு, உணவு, வழக்கு ஆகியவற்றை அறிய விரும்புவோர் இன்றும் அந்நூலைத் தேடுகின்றனர். தந்தையும் மகனுமாகக் கரையிறங்கி இந்நாட்டைப் பார்க்க நேர்ந்த அவ்விருவருக்கும் திரும்பும் சீட்டு இருக்கவில்லை. இருந்திருப்பின் குடாவின் அழகைப்பற்றி இரண்டு வரி எழுதியிருப்பான். காண வருவோரைச் சிறைபிடித்தல் வேண்டும் என்பது இதன் பொருளன்று! நிலத்தை அறிதலும் நிலத்தைவிட்டு அகல முடியாமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அகல முடிந்தவன், அகல முடியாதவனிடம் கேட்டே அறிதல் வேண்டும்.

கட்டைபறிச்சானில் மூன்று நாளும் சமைப்பவள் தந்தையின் தமக்கை, பிள்ளைகளுக்கு மாமி. அவளுடைய மகள் இப்பிள்ளைகளின் வயதினள். எரிமலைப் படங்களை மச்சாள் ஆவலோடு பார்ப்பாள். 2006 இல் தாயையும் கூட்டிக்கொண்டு ஓடியவள் இந்த மாமி. ஓடிய வழியும், தங்கிய பள்ளிக்கூடமும், எந்த ஆண்டு மீண்டும் வயல் விதைத்தார்கள் என்பதும் அவளுக்கே தெரியும். தம்பியின் பிறப்பும் காணியின் பாதி உறுதியும் அவ்வூரிலே இருத்தல்கூடும். ஆயினும், அவ்வூருக்கு நேரக்கூடியதிலே அவனுக்குப் பங்கில்லாத வரையில், அவன் அங்கே விருந்தினனேயன்றி உரித்தாளன் அல்லன். இவ்வாறு கூறுவது புலம்பெயர்ந்தோரைப் பழிப்பதாகாது. அவர்கள் அனுப்பிய பணத்திலே எத்தனையோ வீடுகள் மீண்டும் எழுந்தன. போனவன் போனமைக்காகக் குற்றவாளியல்லன். இருந்தவள் இருந்தமையால் அவன் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்தாள் என்பது மட்டும் கணக்கிலே நிற்கின்றது.

அப்பம்மா முதியவள். அவளுடைய இறுதி ஆடி மாத விடுமுறையை நோக்கிக் காத்திருக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. முப்பத்தோராம் நாள் கன்னியாவுக்குச் செல்லவேண்டியவன் மகன். அவனால் வர இயலாதாயின் மாமியின் கணவனோ அயலவனோ அவன் இடத்தில் நின்று கருமத்தை முடிப்பான். பாரிசிலிருந்து செலவு வந்துசேரும். மூன்று நாள் விடுமுறையின் ஏதோவொரு மாலையிலே, பிள்ளைகள் களப்புக்கரைக்குச் சென்றிருக்கும்போது, தமக்கையும் தம்பியும் முன்கூட்டியே பேசித் தீர்க்கவேண்டிய விடயம் இதுவாகும்.